தோற்பதற்கும் ஒரு சம்பளம் வேண்டும்

2025 நவம்பர் 2-ஆம் தேதி இரவு, நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று இந்தியப் பெண்கள் அணி முதல் முறையாக உலகக் கோப்பையை எடுத்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோப்பை, ஆடி ஓய்ந்த மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி ஆகியோரின் கைக்குப் போனது. வென்ற பெண்களே கூப்பிட்டுக் கொடுத்தார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மிதாலி, 2005-லும் 2017-லும் உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கி, இரண்டிலும் தோற்றவர். அத்தனை தோல்விக்கும் பிறகு அவரால் எப்படி ஆட்டத்திலேயே நிற்க முடிந்தது என்று பார்த்தால், கேரளத்தின் ஏலமலையில் வளரும் பெண் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கப்படவில்லை என்பது விளங்கும். அங்குள்ள சாந்தன்பாறையில் பெண்களுக்கென ஒரு கிரிக்கெட் பயிற்சித் திடலும், நிரந்தரச் சம்பளத்தில் ஒரு பயிற்சியாளரும், ஆடி வளர்பவர்களுக்கு அரசு வேலைக்கான உறுதியும் வேண்டும் என்று இத்தலையங்கம் கேட்பது அதனால்தான்.

மிதாலியின் வாழ்க்கையைத் திறமையின் கதையாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். திறமைக்கு என்ன குறை? 1999-இல், 16 வயதில், அயர்லாந்துக்கு எதிரான முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 114. 2002-இல் இங்கிலாந்தின் டான்டன் மைதானத்தில் 214. அன்றைக்குப் பெண்கள் டெஸ்டில் அதுவே உலக சாதனை. 2022-இல் ஓய்வு பெற்றபோது ஒருநாள் ஆட்டங்களில் 7,805 ரன். ஆனால் இந்த எண்களுக்கு அடியில் இன்னொரு கணக்கு ஓடுகிறது. அப்பா துரைராஜ் விமானப்படையில் இருந்தவர். அண்ணனைச் சேர்த்துவிட்ட செகந்திராபாத் பயிற்சி முகாமுக்குத் தங்கையையும் கூட்டிப்போனார். அங்கே ஜோதி பிரசாத் என்ற பயிற்சியாளர் அந்தப் பெண்ணின் கையைக் கவனித்து, இன்னொரு பயிற்சியாளரான சம்பத் குமாரிடம் அனுப்பினார். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒரு முகாமும், பார்க்கத் தெரிந்த ஒரு கண்ணும் இருந்தன. அவர் வளர்ந்த பிறகு ரயில்வே வேலை கொடுத்தது.

அந்த வேலையின் அருமை, அந்தக் காலத்துப் பெண்கள் கிரிக்கெட்டின் நிலை தெரிந்தால்தான் புரியும். 2006 வரை பெண்கள் கிரிக்கெட்டை நடத்தியது ஒரு தனிச் சங்கம். அதனிடம் பணமே இல்லை. முன்பதிவு இல்லாத ரயில் பெட்டியில் பயணம் செய்து ஆடியவர்கள் அவர்கள். 2005 உலகக் கோப்பையில் இறுதி வரை போன அணிக்கு ஆட்டத்துக்கு 1,000 ரூபாய் கிடைத்தது என்று மிதாலியே சொல்லியிருக்கிறார். அந்த இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 98 ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள். கிரிக்கெட் வாரியம் பெண்களுக்கு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்ததே 2015-இல்தான். அதுவரை எவ்வளவு தோற்றாலும் ஒன்றாம் தேதி சம்பளம் தந்தது ரயில்வே. நாட்டின் முன்னணிப் பெண் ஆட்டக்காரர்களில் பெரும்பகுதி ஏன் அங்கேயே குவிந்தார்கள், உள்நாட்டுக் கோப்பைகளை ரயில்வே பெண்கள் அணி ஏன் வருடக்கணக்காக அள்ளிப்போனது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஒரு கேப்டன் பக்குவப்படப் பல தோல்விகள் ஆகும். அந்தத் தோல்விகளின்போது வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

மிதாலிக்குப் பின் வந்த ஹர்மன்பிரீத் கவுரின் பாதையும் இதையே சொல்கிறது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த அவரை ஒரு பள்ளியின் பயிற்சிக்கூடம் எடுத்து வளர்த்தது. பிறகு மேற்கு ரயில்வே வேலை கொடுத்தது. 2017 அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் அடித்த 171 எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் கேப்டனாக அவர் கண்டவை 2020-இல் மெல்பர்னில் 86,174 பேர் முன்னிலையில் டி20 உலகக் கோப்பை இறுதித் தோல்வி, 2022-இல் காமன்வெல்த் இறுதித் தோல்வி, 2023-இல் 5 ரன்னில் டி20 உலகக் கோப்பை அரையிறுதித் தோல்வி. கோப்பை வென்ற அதே 2025 தொடரிலும் நடுவில் மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றார். கோப்பை வென்ற அந்த அணியில் இருந்த ரேணுகா தாக்கூர் இமாசல மலைக்கிராமத்துப் பெண். மூன்று வயதில் தந்தையை இழந்தவர். அம்மாவின் கடைநிலை அரசுச் சம்பளமும் தர்மசாலாவின் தங்கும் பயிற்சிக்கூடமும் அவரைக் கரை சேர்த்தன. பிறகு அவருக்கும் ரயில்வே.

இனி சாந்தன்பாறைக்கு வருவோம். 2022-இல் கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது உலகமே இங்கே வந்து போனது. மற்ற நாட்களில் இது உடும்பன்சோலை தாலுகாவின் ஏலக்காட்டு ஊர். விடியும் முன்பே போடியிலிருந்தும் தேனிப் பக்கமிருந்தும் போடிமெட்டு ஏறி வரும் ஜீப்புகளில் பெண்கள் காய் எடுக்க வருகிறார்கள். லயங்களில் தங்கி வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களும் அவர்களுடன் இருக்கிறார்கள். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கும் உடம்பு இந்தப் பிள்ளைகளுக்குப் பரம்பரைச் சொத்து. தோட்டத்தின் கூலிப் பட்டியலில் பெண்களே அதிகம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டையோடு வெளியே வருவது பையன்கள் மட்டும். பெண் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்ததும், ஒரு கூலி கூடுமா என்று வீடு பார்க்கிறது. அதற்காக அந்தத் தாய் தகப்பனைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. விளையாடித் தோற்கும் ஐந்து வருடங்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அவர்களிடம் இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

திறமை இருந்தால் தானாகவே மேலே வரும் என்பவர்கள் வயநாட்டின் மின்னு மணியைக் காட்டுவார்கள். அவரை நாமும் காட்டுகிறோம். குறிச்சியர் பழங்குடியில் பிறந்து, வயலில் பையன்களோடு ஆடி, 2023 ஜூலையில் இந்தியாவுக்கு ஆடிய முதல் கேரளப் பெண் ஆனவர். அதே ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து ஏ அணிக்கு எதிராக இந்தியா ஏ அணியின் கேப்டன். ஆனால் அவர் தானாக வந்துவிடவில்லை. மானந்தவாடி அரசுப் பள்ளியில் ஒரு ஆசிரியை அவரைக் கண்டுபிடித்தார். மாநிலக் கிரிக்கெட் சங்கத்தின் பயிற்சிக்கூடம் அவரைத் தங்கவைத்து வளர்த்தது. வயநாட்டில் கிருஷ்ணகிரி மைதானம் வந்த பிறகு அங்கிருந்து ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் வருகிறார்கள்: சஜனா, ஜோஷிதா. வயநாடும் மலைதான், அங்கேயும் ஏழ்மைதான். நம் மாவட்டத்திலும் சங்கத்துக்கு மைதானம் இருக்கிறது, தொடுபுழாவில். சாந்தன்பாறைப் பிள்ளை அங்கே போய்ப் பயிற்சி எடுத்து அன்றே திரும்ப, ஒரு நாள் முழுதும் மலைப்பாதையில் கழிய வேண்டும். மாவட்டத்தின் பெயர் ஒன்று என்பதால் மைதானம் பக்கத்தில் வந்துவிடாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. லயத்துக் கூரை ஒழுகுகிறது, யானை நடமாட்டத்தால் இருட்டிய பிறகு வெளியே வரப் பயம், கூலி போதவில்லை. இதில் கிரிக்கெட் எதற்கு என்பது. கேட்பவர்களில் பலர் தொழிலாளர் நலனுக்காக உழைத்தவர்கள் என்பதால் இதை மதித்தே பதில் சொல்கிறோம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை எழுதியவர்கள் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம், கல்வி ஆகியவற்றோடு பொழுதுபோக்கு வசதியையும் உடன்வைத்தே எழுதினார்கள். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதைக் கைவிடவில்லை. கூரை சரியாகும் வரை பிள்ளைகள் விளையாடக் கூடாது என்றால், எழுபது ஆண்டுகளாகச் சரியாகாத கூரைக்கு இன்னொரு தலைமுறையையும் தண்டிப்பதாகவே முடியும். யானையைப் பற்றிய பயம் நிஜம். அதனால்தான் திடல் பள்ளிக்கூடத்தை ஒட்டி, வேலி போட்டு, மாலை வெளிச்சம் இருக்கும்போதே முடியும் நேரத்தில் நடக்க வேண்டும் என்கிறோம்.

நிலம் எங்கே என்று கேட்பார்கள். ஏலமலைக் காடுகளின் நில உரிமைச் சிக்கல் தெரியாதவர்கள் இல்லை நாம். சமதளமும் இங்கே அரிது. அதற்காக உலகத் தரத்தில் ஒரு மைதானத்தை யாரும் கேட்கவில்லை. ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம். சிமென்ட் தளம் போட்டு மேலே பாய் விரித்து, சுற்றி வலை கட்டினால் பள்ளி வளாகத்தின் ஓரமே போதும். ஊராட்சிக்கு ஒரு விளையாட்டுத் திடல் என்று கேரள அரசே திட்டம் அறிவித்திருக்கிறது. அதில் சாந்தன்பாறையின் பங்கு பெண்கள் நேரத்தோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டும். இப்போது பெண்கள் பிரீமியர் லீக்கில் பணம் கொட்டுகிறதே, அரசு வேலை எதற்கு என்பதும் தவறான கணக்கு. ஐந்து அணிகள், அணிக்கு அதிகபட்சம் 18 பேர். வெளிநாட்டவரையும் சேர்த்து நாடு முழுவதற்கும் 90 இடம். அந்த இடத்தை எட்டாத, ஆனால் மாநில அளவில் ஆடும் பெண்ணுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான் கதி. கேரளம் ஆண்டுக்கு 50 பேருக்கு அப்படி வேலை தருவதாகச் சொல்கிறது. ஆனால் பல ஆண்டு நியமனங்கள் தேங்கி மொத்தமாக வருவதே வழக்கமாகிவிட்டது. தேங்கும் ஒவ்வொரு வருடத்திலும் ஒரு பெண் மட்டையைப் பரண் மேல் வைத்துவிட்டு ஜீப் ஏறுகிறாள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. காய் எடுப்பு சூடு பிடிக்க அதற்குப் பிறகும் சில வாரங்கள் இருக்கும். அதற்குள் ஊராட்சி பள்ளி வளாகத்தில் இடம் குறிக்கட்டும். மாநிலக் கிரிக்கெட் சங்கம் ஒரு பயிற்சியாளரை, தமிழும் பேசத் தெரிந்த ஒரு பெண்ணை, இங்கேயே குடியிருக்கும்படி நியமிக்கட்டும். தோட்ட உரிமையாளர்கள் வலைக்கும் பாய்க்கும் ஆகும் செலவை ஏற்கட்டும். முதல் நாள் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்ற கணக்கை அன்று பார்த்துக்கொள்ளலாம்.