பள்ளிக்கூடத்தில் காக்கி உடுப்பு

நமது பசுமலைப் பக்கத்தில் சோறுண்ண மறுக்கும் குழந்தையைத் தாய்மார் இரண்டைச் சொல்லி மிரட்டுவது வழக்கம். ஒன்று பேய், மற்றொன்று போலீஸ்காரர். பேய் இல்லையென்று பத்துக் கூட்டம் போட்டுச் சொன்னால் சில பேராவது ஒப்புக்கொள்ளுகின்றார்கள். போலீஸ்காரர் ஜனங்களின் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர், அவரும் சட்டத்துக்கு அடங்கினவர்தான் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள ஆளைக் காணோம்.

இந்தப் பயம் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகுமென்பதற்குக் கர்நாடகத்திலுள்ள பீதர் ஊரே சாட்சி. 2020 ஜனவரியில் அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி நாடகம் நடித்தார்கள். அதில் வந்த ஒரு பேச்சுக்காக இராஜத்துரோக வழக்கு! தலைமை ஆசிரியையும் ஒரு பிள்ளையின் தாயாரும் சிறை சென்றார்கள். அதோடு நின்றதா? போலீசார் உடுப்போடும், சிலர் துப்பாக்கியோடும் பள்ளிக்கூடத்துக்கே வந்து சின்னஞ்சிறு பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். நாடகம் போட்ட பிள்ளைகளுக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்கின்றோம். 2021 ஆகஸ்டில் கர்நாடக ஐகோர்ட்டு போட்டோக்களைப் பார்த்து, இது சிறுவர் நீதிச் சட்டத்துக்கு விரோதமெனக் கண்டித்தது. 2023-ல் வழக்கே ரத்தாயிற்று. ஆனால் அந்தப் பிள்ளைகள் பட்ட நடுக்கத்தை எந்தக் கோர்ட்டு ரத்துச் செய்யும்?

சட்டமில்லாமலா இது நடந்தது? பிள்ளைகளிடம் பேசும் போலீசார் கூடியவரையில் உடுப்பில்லாமல் வரவேண்டும், பெண்பிள்ளைகளிடம் பெண் போலீசே பேசவேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து மாதிரி விதிகள் சொல்லுகின்றன. (இந்தக் 'கூடியவரையில்' என்கிற வார்த்தையில்தான் சூட்சுமமெல்லாம்!) எந்தப் பிள்ளையையும் இரவில் ஸ்டேஷனில் வைக்கக்கூடாதென்பது 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம். பிள்ளையைப் பலாத்காரம் செய்தவன் போலீஸ்காரனாயிருந்தால் 20 வருஷத்துக்குக் குறையாத தண்டனையென்று 2019-ல் அதைத் திருத்தியுமிருக்கின்றார்கள்.

ஆனால், "ஐயா, சாதாரண உடையில் வாருங்கள், பிள்ளையின் தாய் தகப்பனை வைத்துக்கொண்டு பேசுங்கள்" என்று வாசலில் நின்று சொல்லக்கூடிய உபாத்தியாயர் நம் ஜில்லாவில் எத்தனை பேர்? காக்கியைக் கண்டதும் கருப்பண்ணசாமியே எதிரில் வந்துவிட்டதுபோல் தோள் துண்டை இடுப்பில் கட்டுகின்றவர் எப்படிச் சொல்லுவார்? அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாமும் அப்படித்தானே நிற்கின்றோம்?

ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் குழந்தைகள் நல அதிகாரியாக ஒருவராவது இருக்கவேண்டுமென்பது 2015-ஆம் வருஷத்துச் சட்டம். சர்க்கார் பள்ளிக்கூடங்களின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பாலோர். அடுத்த கூட்டத்துக்குப் போகிற தோழர்கள் அந்த அதிகாரி யாரென்று கேட்டு, பெயரைப் பள்ளிக்கூடப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். கேட்கும்போது துண்டு தோளிலேயே இருக்கட்டும்.