கை நடுங்கினா வயசுதான் காரணமா?

அறுபது வயது விவசாயிக்குக் கை நடுங்க ஆரம்பித்தால், 'வயசாச்சு இல்லே!' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். காபி டம்ளர் தளும்புகிறது, சட்டைப் பட்டன் போட முடியவில்லை, நடை குறுகிப் போகிறது... எல்லாத்துக்கும் வயசு மேலதான் பழி! 'எத்தனை வருஷமா வயலுக்கு மருந்தடிக்கிறீங்க?' என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும்.

நடுக்கம் எல்லாமே பார்க்கின்சன் நோய் அல்ல. ஆனால் சும்மா வைத்திருக்கும்போதே கை நடுங்கி, உடம்பு இறுகி, அசைவுகளும் மெதுவாகிப்போனால் சந்தேகப்பட வேண்டும். மூளையில் 'டோபமைன்' சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் நோய் இது. நோய் வெளியே தெரிவதற்குள் அந்தச் செல்களில் பெரும்பகுதி அழிந்துபோயிருக்கும்.

இதற்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம்? 'பாராகுவாட்' என்ற களைக்கொல்லியைக் கையாண்டவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்று 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. சரி, தெளிக்கிறவருக்கு மட்டும்தானா? இல்லை. 2009-ல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வில், பாராகுவாட்டும் 'மேனெப்' என்ற பூஞ்சணக்கொல்லியும் தெளித்த வயல்களுக்கு 500 மீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்கும் வாய்ப்பு 75 சதவிகிதம் கூடியிருந்தது. காற்று வரப்போடு நின்றுவிடுமா என்ன?

மருந்தடிக்கும் எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. வயசுக்கும் பரம்பரைக்கும்கூட இதில் பங்கு உண்டு. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளலாமா? பூச்சிக்கொல்லியோடு பல வருடம் புழங்கிய விவசாயிக்கு வரும் பார்க்கின்சனை, 2012-லேயே 'தொழில் தந்த நோய்' என்று பிரான்ஸ் அரசு ஏற்றுக்கொண்டது. நஷ்டஈட்டுக்கும் வழி செய்தது. பாராகுவாட்டுக்கு ஐரோப்பிய யூனியன் 2007-லும் கேரளா 2011-லும் தடை போட்டன. நம் விவசாயியின் நடுக்கத்தையும் தொழில் தந்த நோயாகப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

'மருந்தடிக்காம வெள்ளாமை எடுக்க முடியுமா சார்?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள். காற்று பலமாக வீசும்போது தெளிக்காதீர்கள். தெளிக்கும் நேரத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. முகத்தில் கட்டிய துண்டு பாதுகாப்பு ஆகாது. நனைந்துவிட்டால் விஷத்தை மூக்கோடு சேர்த்து வைக்கும். இதற்கென்று உள்ள முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். தாய்மார்களே, அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள்!

வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, கை கால்களை வீசுவது... இவை நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பேகூட வரலாம். வேறு காரணங்களாலும் வரலாம் என்பதால் பயப்பட வேண்டாம். டாக்டரிடம் போகும்போது சுகர், பிரஷர் சொல்வதுபோல, 'இவர் இத்தனை வருஷமா மருந்தடிக்கிறார்' என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பயிருக்குத்தான் அது மருந்து. அடிக்கிறவருக்கு விஷம்!