கேமராவை ஆன் பண்ணு

இந்த வாரம் பத்தியாளரின் எரிச்சலுக்குக் காரணம் ஒரு ஆன்லைன் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. அக்கா மகன் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. திங்களன்று வாட்ஸ்அப்பில் உத்தரவு: இனி எல்லோரும் கேமராவை ஆன் செய்தே ஆகவேண்டும். திரையில் தன் முகத்தைக் கண்டதும் பையன் ஊமையாகிவிட்டான். பத்தியாளருக்கும் கேமராவுக்கும் உள்ள பகை பழைய வாசகர்கள் அறிந்ததே. கொரோனா காலத்தில் மூன்று வாரம் இதையே எழுதி ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். திரையில் பேசுபவர் பார்ப்பது எதிராளியையா? தன் மூக்கைத்தான். அதுவும் கீழிருந்து எடுத்த மூக்கு. அதைப் பார்த்துக்கொண்டே இறந்தகாலமா நிகழ்காலமா என்று யாருக்கு ஓடும்?

அது கிடக்கட்டும். இந்தப் பேச்சுக் கூச்சத்தைத் துருவப் போன இடத்தில் அகப்பட்டது ஒரு தாய்லாந்துக் கதை. வாரம் முழுக்க அதே நினைப்பு.

ராக்னராக் ஆன்லைன் 2002-இல் வந்த கொரிய விளையாட்டு. அதில் ஆரம்பத்திலேயே எதிர்ப்படும் அரக்கனின் பெயர் போரிங். நம்மூர் அடிகுழாய் இல்லை. தத்தித் தத்தி வரும் இளஞ்சிவப்பு ஜெல்லி உருண்டை. ஹேயோ ரைண்டர்ஸ், சோராடா வத்தனா என்ற இரு ஆய்வாளர்கள், ஆங்கிலம் படிக்கும் தாய்லாந்துக் கல்லூரி மாணவர்களை இந்த உலகத்துக்குள் இறக்கினார்கள். ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் பேசி முடிக்கும்படி விளையாட்டின் பணிகளையும் மாற்றியமைத்தார்கள். 2011-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் தலைப்பே 'ஆங்கிலம் படி, இல்லையேல் சாவு' என்கிற தினுசு! விளைவு? பேச்சு கணிசமாகக் கூடியது. பிழை குறையவில்லை, வாக்கியங்களும் மெருகேறவில்லை. வாய் திறந்தது, அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயமில்லை. ஆய்வாளர் பீட்டர் மெக்கின்டையரும் சகாக்களும் 1998-இல், வேற்றுமொழியில் வாய் திறக்க என்ன வேண்டும் என்று ஒரு பிரமிடு வரைந்தார்கள். ஆறு அடுக்கு. உச்சியில் பேச்சு, நேர் கீழே, பேசலாம் என்கிற மனசு, அதற்கும் கீழே, அந்த நேரத்துத் தைரியம். மொழித்திறனுக்கு மேலிருந்து ஐந்தாவது அடுக்கில்தான் இடம்.

வெள்ளி இரவு "நெட் ஸ்லோ, மேம்" என்று வகுப்பிலிருந்து நழுவிய பையன், பத்தே நிமிடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மொபைல் கேமில் இருந்தான். எதிரில் யாரோ பிலிப்பைன்ஸ்காரனாம். "வெயிட் ப்ரோ, வெயிட்! ஐ கமிங், ஐ கமிங்!"

பத்தியாளருக்கு நாக்கு நுனிவரை வந்த 'ஐ ஆம் கமிங்' அங்கேயே நின்றுவிட்டது.