தோட்டத்தை விற்காதே, தம்பி!

காலையில் எழுந்ததும் காப்பி வேண்டும். அது இல்லாவிட்டால் பலருக்குப் பொழுதே விடியாது!

அந்தக் காப்பியை விளைவிக்கும் குடும்பத்துக்குப் பொழுது விடிந்ததா?

சேலத்தில் இருந்து மலை ஏறினால் ஏற்காடு. சுமார் 5 ஆயிரம் அடி உயரம். அதை அடுத்த மலைக் கிராமங்களில் ஒன்று, கரடியூர்.

இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-ஆம் ஆண்டுகளில். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஆங்கிலேயர் கொண்டு வந்தார். பெரிய தோட்டங்கள் தோன்றின. பிறகு மலைவாழ் மக்களும் தங்கள் துண்டு நிலங்களில் காப்பி வைத்தார்கள்.

அப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள்.

3 ஏக்கர் நிலம். தாத்தா நட்ட சில்வர் ஓக் மரங்கள். மரத்தில் மிளகுக் கொடி. நிழலில் காப்பிச் செடி. பங்குனியில் மழை பெய்தால் பூ பூக்கும். கார்த்திகை, மார்கழியில் பழம் பழுக்கும். வீட்டில் எல்லோரும் கூடை எடுத்தால்தான் வேலை முடியும்.

கை நிறைய வேலை இருக்கிறது. பை நிறையப் பணம் இல்லை.

"அப்பா, விடுதி கட்ட நிலம் கேட்கிறார்கள். விற்று விடுவோமா?" என்கிறான் மகன். அப்பா பதில் பேசவில்லை.

விலை யார் கையில்?

மகன் மேல் கோபப்பட முடியாது. காப்பி விலை கரடியூரில் முடிவு ஆவதில்லை. நியூயார்க் சந்தையைப் பார்த்து விலை சொல்கிறார்கள். பிரேசிலில் உறைபனி விழுந்தால் இங்கே விலை ஏறும். வியட்நாமில் விளைச்சல் பெருகினால் இறங்கும்!

முன்பு, 1942-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காப்பி வாரியமே வாங்கி விற்றது. 1996-இல் அந்தக் கட்டு முழுவதும் நீங்கியது. சுதந்திரம் வந்தது, பயமும் வந்தது. 2001-இல் உலக விலை பாதாளத்துக்குப் போயிற்று. 2025 பிப்ரவரியில் வானத்தைத் தொட்டது.

ஆனால், விலை ஏறினாலும் பழமாக விற்பவருக்குப் பழத்தின் விலைதான். ஏறக்குறைய 6 கிலோ பழத்தில் கிடைப்பது 1 கிலோ கொட்டை. தோல் உரித்து, கழுவி, காயவைத்து, வறுத்து, அரைத்தால் தூள். ஒவ்வொரு படியிலும் ஒரு லாபம். இந்தக் குடும்பமோ முதல் படியிலேயே நிற்கிறது. 3 ஏக்கருக்கு இயந்திரம் வாங்கக் கட்டுப்படி ஆகுமா?

பத்து வீடு சேர்ந்தால்?

ஒரு வீட்டால் முடியாது. 10 வீடு சேர்ந்தால் முடியும். ஒரு பொது இயந்திரம், ஒரு பொதுக் களம், ஒரே பெயரில் தூள்!

சேராவிட்டால் நஷ்டமும் உண்டு. தண்டைத் துளைக்கும் புழு ஒன்று இருக்கிறது. புழு விழுந்த செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். ஒருவர் சும்மா இருந்தால், பக்கத்துத் தோட்டமும் பாழ். வேலி போட்டுப் புழுவைத் தடுக்க முடியாது.

இது வெறும் கனவு அல்ல. ஆந்திராவில் அரக்குப் பள்ளத்தாக்குப் பழங்குடி மக்கள் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். 2017-இல் பாரீஸ் நகரில், அரக்கு என்ற பெயரிலேயே அவர்கள் காப்பிக்குக் கடை திறந்தது!

சேர்வராயன் மலையால் முடியாதா? வாரியமும் அரசும் தரும் உதவி முதலில் பொதுக் களத்துக்கும் பொது இயந்திரத்துக்கும் போகட்டும். காப்பி குடிப்பவர்களும் எந்த மலைத் தூள் என்று கடையில் கேட்கட்டும்.

நிலம் விற்ற பணம் சில ஆண்டுகளில் கரையும். பிறகு, தாத்தாவின் மரம் நின்ற இடத்தில், விடுதி வாசலில், பேரன் காவல்காரனாக நிற்க நேரலாம்.

தோட்டத்தை விற்காதே, தம்பி! தூளை விற்கப் பார்!