விருந்தோம்ப ஒரு வீடு வேண்டும்



பள்ளி ஆண்டின் இறுதி நெருங்கும்போதெல்லாம் தமிழ்ப்பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். பேருந்து பேசியாகிவிட்டதா, தலைக்கு எத்தனை ரிங்கிட், எந்த நீர்க்கேளிக்கைப் பூங்கா, எந்தத் தங்கும் விடுதி என்பனவே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் எழும் வினாக்கள். பிள்ளைகள் போவார்கள், நனைவார்கள், நெகிழிப் பையில் ஈரத்துணியோடு திரும்புவார்கள். அதில் குற்றமொன்றும் இல்லை. பிள்ளைகள் மகிழத்தான் வேண்டும். ஆயினும் ஒரு கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆறாண்டுத் தொடக்கக் கல்வியில் ஓர் இரவேனும் நம் பிள்ளைகள் முன்பின் அறியாத ஒருவரின் வீட்டில் விருந்தினராகத் தங்கியிருக்கிறார்களா? முன்பின் அறியாத ஒரு பிள்ளைக்கு நம் வீட்டில் பாய் விரித்திருக்கிறோமா?

திருக்குறளில் ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். மனனப் போட்டியில் பத்துக் குறளையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால், வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அவர்களில் பலருக்குத் தோன்றுவதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பார்த்துப் பழகாத ஒன்றை ஏட்டிலிருந்து மட்டும் எப்படிக் கற்றுக்கொள்வார்கள்?

பார்த்துப் பழகுவதற்கு நம் நாட்டிலேயே நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஹோம்ஸ்டே எனப்படும் கம்பத்து வீட்டுத் தங்கல்தான் அது. இதன் தொடக்கத்தை 1970களின் செராத்திங் கடற்கரைக்குக் கொண்டு செல்வர். அங்கு வந்து நாள்கணக்கில் தங்கிய வெளிநாட்டு இளைஞர்களுக்கு மாக் லோங் தே என்ற மலாய் அம்மையார் தம் வீட்டிலேயே உணவும் இடமும் கொடுத்தார். அரசாங்கம் இதனை ஒரு திட்டமாக வகுத்து, 1995இல் பகாங் மாநிலத்தின் தெமர்லோவில் உள்ள டேசா மூர்னியில் தொடக்கி வைத்தது. இன்று நாடு முழுவதும் 200க்கும் மேற்பட்ட இடங்களில் இது நடைபெறுகிறது. நம் செபராங் பிறையிலும் உண்டு. புக்கிட் மெர்தாஜம் பக்கம் மெங்குவாங் தீத்தி, நிபோங் திபால் பக்கம் சுங்கை செனாம் ஆகியவை அவற்றுள் அடங்கும். தீவுப் பகுதியில் பூலாவ் பெத்தோங் உள்ளது. மெங்குவாங் என்றால் தாழை. தாழை மடல் கிழித்துப் பாய் முடைவது அந்த ஊர்க்காரர்களின் கைத்தொழில். பட்டர்வொர்த்திலிருந்து நெடுந்தூரப் பயணம் இல்லை. ஆனாலும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் வட்டாரத்தில் தாமான் வீடுகளின் வாசலிலெல்லாம் இப்போது ஹோம்ஸ்டே என்று பலகை தொங்குகிறது. பணத்தைக் கட்டினால் சாவி கிடைக்கும், அவ்வளவுதான். உள்ளே வீட்டுக்காரர் இருக்கமாட்டார். அது வாடகை வீடு. நான் சொல்வது அதையன்று. அமைச்சில் பதிவு பெற்ற ஹோம்ஸ்டேயில் வீட்டுக் குடும்பமும் அதே வீட்டில் இருக்கும். விருந்தினருக்கென ஓர் அறையை ஒதுக்கித் தரும். சாப்பாடு குடும்பத்தோடுதான். அந்தக் குடும்பத்தை மலாயில் ‘கெலுவார்கா அங்காட்’ என்பார்கள், அதாவது தத்துக் குடும்பம். ஜப்பானியப் பள்ளி மாணவர்கள் கடல் கடந்து வந்து இப்படிப்பட்ட கம்பங்களில் தங்கிவிட்டு, விடைபெறும்போது அழுதுகொண்டே பேருந்து ஏறுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் நாம் போவதில்லை.

ஏன் போவதில்லை என்றால், பெற்றோர் சொல்லும் முதற்காரணம் உணவு. மாட்டிறைச்சி இருக்குமே, அதே சட்டியில் சமைப்பார்களே என்ற தயக்கம். இது நியாயமான தயக்கம்தான். நான் சில ஆசிரிய நண்பர்களோடு ஒரு கம்பத்து வீட்டில் இரண்டு இரவு தங்கியபோது, நாங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை என்றும் எங்களுள் ஒருவர் சைவம் என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். போய்ச் சேர்ந்தபோது அடுப்பங்கரையில் ஒரு புதுச் சட்டி இருந்தது, கடைச் சீட்டுக்கூடக் கிழிக்கப்படாமல். அந்த மாக்சிக் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கீரையும் கத்தரிக்காயும் அந்தச் சட்டியில் வெந்தன. உலாம் என்று தோட்டத்துப் பச்சிலைகளைத் தட்டில் அடுக்கி வைத்தார். அவற்றில் பாதி என் பாட்டி தோட்டப்புறத்தில் பறித்துவந்த இலைகள்தாம். வல்லாரைக்கு அவர்கள் வழங்கும் பெயர் பெகாகா. பெயர்தான் வேறு, துவர்ப்பு ஒன்றுதான்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளைப் பற்றிய கவலை. இதைப் பெற்றோர் எவ்வளவு கேட்டாலும் தகும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆசிரியரோ ஒரு தாயோ உடன் தங்க வேண்டும். கல்வித் துறையின் அனுமதியை உரிய காலத்தில் பெற வேண்டும். முடியாதென்றால் அந்த ஆண்டு போக வேண்டாம். இதில் அரைகுறை ஏற்பாட்டுக்கு இடமில்லை.

மூன்றாவது காரணத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ‘அவர்கள் வீட்டில் நமக்கென்ன வேலை’ என்பதுதான் அது. இதற்கு நான் நீண்ட பதில் எழுதப் போவதில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நம் பிள்ளை பல இனத்தார் நிறைந்த வகுப்பில் ஓரத்து நாற்காலியைத் தேடி உட்காருவதைப் பார்த்த பெற்றோர் இதைச் சிந்திக்கட்டும். மலாய் மொழியைப் பயிற்சி நூலில் மட்டுமே கண்ட பிள்ளைக்கு, அந்த மொழியில் பசிக்கிறது என்று சொல்லிச் சோறு வாங்கி உண்ணும் இரண்டு நாள், ஒரு தவணைப் பாடத்துக்கு ஈடாகும்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆறாம் ஆண்டில் எதற்கும் நேரமில்லை என்று சொன்ன காலமும் அதோடு போயிற்று.

இனி என்னை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். ஹோம்ஸ்டே பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலானவை மலாய்க் கம்பங்கள். சபா, சரவாக்கின் நீண்ட வீடுகளும் பூர்வகுடி ஊர்களும் உண்டு. தமிழர் தோட்டப்புறம் எங்கே? இந்நாட்டின் நாட்டுப்புற வாழ்க்கை என்று பேசினால் தோட்டத்தைத் தவிர்த்துப் பேச முடியுமா? இதே செபராங் பிறையில் 1840களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கலிடோனியா, பைரம், சங்காட், பத்து காவான் என்ற பெயர்களோடு நம் குடும்பக் கதைகள் பின்னிக் கிடக்கின்றன. ஆனாலும் ஒரு விருந்தினருக்கு அறை ஒதுக்கித் தரும் இடமாக ஒரு தோட்டமும் இங்கு மாறவில்லை.

நம்மவர்க்கு விருந்தோம்பத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தீமிதித் திருவிழாவுக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சனங்கள் வந்தால் லயத்து வாசலெல்லாம் இலை போட்ட காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். காரணம் வேறு. கம்பத்துக்காரரின் வீடு பெரும்பாலும் அவருடையது. லய வீடு நிறுவனத்தினுடையது. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை பால்மரம் வெட்டியவருக்கும் ஓர் அறையை விருந்தினருக்கு ஒதுக்கும் உரிமை இருந்ததில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது மூட்டை கட்டினார்கள். பத்து காவானில் இன்று இரண்டாம் பாலம் இறங்குகிறது, தொழிற்பேட்டை நிற்கிறது, ஐக்கியா கடை இருக்கிறது. லயங்கள் இருந்த தடத்தைக் காட்ட ஆள் தேட வேண்டும். அதே வேளையில் நிபோங் திபாலுக்கு அருகில் பாழடைந்து நிற்கும் கலிடோனியாவின் 99 கதவு மாளிகையைப் பாருங்கள். அது துரைமார் வாழ்ந்த வீடு. ஆவி தேடுவோர் இரவில் படக்கருவியோடு அங்குப் போகிறார்கள். துரை வீட்டின் இடிபாட்டுக்குக்கூட விருந்தாளி உண்டு!

இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். பொகவந்தலாவைப் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்கள் 2005 முதல் சிலோன் டீ டிரெயில்ஸ் என்ற பெயரில் உயர்தர விடுதிகளாக இயங்குகின்றன. கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையே விடுதியாகிவிட்டது. பங்களாவில் ஓர் இரவுக்குப் பல நூறு அமெரிக்க டாலர். அம்மலைகளில் கொழுந்து பறிக்கும் நம் உறவுகளோ நாள் கூலி ஆயிரம் ரூபாய் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அது அரசிதழில் வரப் பெற்றார்கள். விருந்தினர் சன்னலைத் திறந்தால் லயம் தெரியும். லயத்துக்குள் போய் ஒரு கோப்பைத் தேநீர் குடித்தவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை. கட்டடங்களைக் காப்பாற்றியதை நான் குறை சொல்லவில்லை. எந்தக் கட்டடம் காப்பாற்றப்படுகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

எல்லா நாட்டிலும் இப்படியில்லை. மாஸ்கோ, ராதுகா பதிப்பகங்களின் தமிழ் நூல்களில் ரஷ்யக் கிராமங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை நாம். அங்கே 1861 வரை உழவர்கள் பண்ணை அடிமைகளாக இருந்தார்கள். இன்று ரஷ்ய நாட்டுப்புறத்தில் தங்கப் போகும் பயணி விரும்பிக் கேட்பது எதை? அந்த உழவனின் மரவீட்டைத்தான். இஸ்பா என்பது அதன் பெயர். வீட்டின் நடுவே சுவர்போல் எழும்பி நிற்கும் பெரிய அடுப்பு, அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும் வசதி, தனியே மரத்தில் கட்டிய பான்யா என்னும் நீராவிக் குளியலறை, கொல்லையில் விளைந்த வெள்ளரிக்காய் ஊறுகாய் ஆகியவற்றுக்காகத்தான் நகரத்தார் பணம் கொடுத்து வருகிறார்கள். சூஸ்தல் என்ற சிற்றூரில் உழவர் வீடுகளையும் மரக் கோயில்களையும் பெயர்த்து வந்து ஓர் அருங்காட்சியகமே அமைத்திருக்கிறார்கள். தோல்ஸ்தோய் உழவர் பிள்ளைகளுக்காக 1859இல் பள்ளி நடத்திய யாஸ்னயா பொல்யானாவும் காக்கப்படுகிறது. ஆக, பிரபுவின் மாளிகையும் இருக்கிறது, அடிமையாய் இருந்தவனின் அடுப்பும் இருக்கிறது. நமக்கோ அடுப்பு மட்டும் இல்லாமற் போயிற்று.

லயத்தை இனிக் கட்டி எழுப்ப முடியாது. எழுப்பினாலும் அது நாடகக் காட்சிபோல் இருக்கும். ஆனால் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. 150 மாணவருக்கும் குறைவான பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறார்கள். நம் பள்ளிகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை. சிலவற்றில் மொத்த மாணவர் எண்ணிக்கையே ஒரு பட்டணத்து வகுப்பறையை நிரப்பாது. அப்பள்ளிகளைச் சுற்றி இன்னும் சில குடும்பங்கள் வாழ்கின்றன. சிலர் சொந்த வீடும் வாங்கிவிட்டார்கள். பட்டர்வொர்த் போன்ற பட்டணப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அத்தகைய ஒரு சிறு பள்ளியின் சங்கமும் கைகோத்தால் என்ன? ஐந்தாம் ஆண்டு மாணவர் பத்துப் பேர் இரண்டு இரவு அங்கே போய்த் தங்கட்டும். அடுத்த விடுமுறையில் அங்கிருந்து பத்துப் பேர் நம் வீடுகளுக்கு வரட்டும். விடுதிக் கட்டணம் இல்லை. வாடகைச் சிற்றுந்து ஒன்றும் அரிசி பருப்புச் செலவும்தான். போகும் பிள்ளை வெறுங்கையோடு போகாமல், அந்த வீட்டுப் பாட்டியிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வர வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்து மரம் வெட்டப் போனீர்கள், பிள்ளையை யாரிடம் விட்டுப் போனீர்கள், தோட்டத்தை விட்டு வந்த நாளில் எதை எடுத்து வந்தீர்கள். அந்தப் பாட்டிமார்கள் எண்பதைத் தொட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

ஒரு முறை கம்பத்திலும் ஒரு முறை தோட்டத்திலும் தங்கிவிட்டு வரும் பிள்ளைக்குக் கட்டுரைத் தலைப்பை நாம் தேடிக் கொடுக்க வேண்டியிராது.

2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் சனவரியில் தொடங்குகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் சுற்றுலா பற்றிய பேச்சு வரும்போது, பேருந்துக் கட்டணத்துக்கு முன்பாக இன்னொரு பட்டியலையும் சுற்றுக்கு விடலாம். வீட்டில் ஓர் அறையோ கூடத்தில் இரண்டு பாய்க்கு இடமோ உள்ளவர்கள் பெயர் எழுதட்டும். மேசைமேல் பேனா வைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். முதல் வரியில் என் வீட்டு முகவரியையும் எழுதி வைத்துவிடுகிறேன். குளியலறை ஒன்றுதான். காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.