இகுவானா வளர்க்க ஆசையா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

ராஜபாளையம்னாலே நாய்தான் ஞாபகத்துக்கு வரும். 2005-ல தபால் தலையிலேயே இடம் பிடிச்ச நாய் அது. ஆனா ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் புதுசா வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கைகள் சிலர் கேட்பது வேற: "அண்ணா, இகுவானா வாங்கலாமா? கீரைதானே திங்குது, என்ன பெரிய செலவு?"

என் பதில்: இப்போ வேண்டாம், ஒரு வருஷம் பொறுங்க. காரணம் சொல்றேன்.

சாப்பாட்டுச் செலவு உண்மையிலேயே கம்மிதான். பச்சை இகுவானா சுத்த சைவம். முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, பூ, துருவின பூசணி போதும். பசலைக்கீரையை மட்டும் தினமும் கொடுக்காதீங்க. அதிலுள்ள ஆக்ஸலேட், கால்சியத்தை உடம்பில் சேர விடாது. கறி, முட்டை, நாய்த்தீனி கூடவே கூடாது.

செலவு இருப்பது வெளிச்சத்துல. யூவி-பி கதிர் பட்டாத்தான் வைட்டமின் டி3 உருவாகி, கால்சியம் எலும்புக்குப் போகும். இல்லேன்னா தாடை வீங்கும், கால் எலும்பு வளையும். ஜன்னல் கண்ணாடி வழியா வரும் வெயில் உதவாது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதுக்குன்னு தனி விளக்கு வேணும். எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் அதில் கதிர் குறைஞ்சுக்கிட்டே வரும். ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள்ள மாத்தணும். ஆடிட்டர் பாஷையில் இதுதான் தேய்மானம்.

அடுத்தது கரண்ட். உடம்பைச் சூடாக்க 100 வாட் பல்பு தினமும் 12 மணி நேரம் எரிஞ்சா, இரண்டு மாச பில்லில் 72 யூனிட். நம்ம ஊர் வெயிலில் கொஞ்சம் குறையலாம், மழைக்காலத்தில் குறையாது.

குட்டியா இருக்கும்போது கைக்குள்ள அடங்கும். வளர்ந்தா வாலோடு சேர்த்து ஐந்து அடி. நல்லா பார்த்துக்கிட்டா 15 முதல் 20 வருஷம் இருக்கும். அதுக்குள்ள உங்களுக்கு டிரான்ஸ்ஃபர், கல்யாணம், வாடகை வீடு மாற்றம் எல்லாம் வரும். மாசம் 2,000 ரூபாய்னு வெச்சுக்கிட்டாலும் 15 வருஷத்துக்கு 3,60,000 ரூபாய். பாதியில் முடிக்க முடியாத இஎம்ஐ இது.

பேப்பரும் முக்கியம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம், 2024 விதிகள்படி இகுவானாவை பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யணும். கைமாறினாலும், குஞ்சு பொரிச்சாலும், இறந்தாலும் தெரிவிக்கணும். பதிவு இல்லாம விற்கிறவர்கிட்ட வாங்காதீங்க. நம்ம காட்டு உடும்பை வளர்க்கலாமான்னு யோசிக்கவே வேண்டாம். அது ஜெயில் கேஸ்.

வளர்க்க முடியலைன்னு செண்பகத்தோப்புப் பக்கம் கொண்டுபோய் விடுவதும் தப்பு. அது புலிகள் காப்பகம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இப்படி விட்ட இகுவானாக்கள் பெருகி, இன்னைக்கு அங்கே பெரிய தலைவலி.

அதனால இப்படிச் செய்யுங்க. 2,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க. 12 மாசம் ஒரு தவணைகூட விடாம கட்டினா 24,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். அதற்குள் ஊர்வனவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருத்தரைக் கண்டுபிடிச்சு வையுங்க. ரெண்டும் முடிஞ்சா தாராளமா வாங்குங்க. தவணை நடுவில் நின்னுபோச்சா? நஷ்டம் உங்க ஆசைக்கு மட்டும்தான், ஒரு உயிருக்கு இல்லை.