அந்த ஆண் எங்கே?

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்கிறது யோவான் நற்செய்தி (8:1-11). மோசேயின் சட்டமோ இருவரையும் குற்றவாளிகளாகவே கண்டது (லேவியர் 20:10). அப்படியாயின், உடனிருந்த ஆண் எங்கே? இக்கேள்வியைக் கேளாமலேயே கல்லெடுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. உலகைச் சூழ்ந்த எய்ட்ஸ் கொள்ளைநோயின் வரலாறே அதற்குச் சான்று.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் சிக்குண்ட பெண்களின் இரத்தத்தை ஆய்ந்து, எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் இருப்பதை முதன்முதலாக வெளிக்கொணர்ந்தனர். நாட்டிற்குப் பெருநன்மை செய்த ஆய்வு அது. சமூகமோ, 'கெட்ட பெண்களின் நோய்' என்று தீர்ப்பெழுதிவிட்டது. அப்பெண்களுக்கு அக்கிருமி யாரிடமிருந்து வந்தது? அவர்களிடமிருந்து யாருடைய இல்லத்திற்குச் சென்றது? கேட்டவர் சிலரே.

விடையை உரக்கச் சொன்னவர் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி. 1995-இல் மணமாகி, கணவர் வழியாகவே தொற்றுக்கு ஆளான அவர், 1998-இல் வேறு சில பெண்களுடன் சேர்ந்து, எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். நெறி தவறாத மனைவிக்குத் திருமணமே ஆபத்தாயிற்று! சேலம்-உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடும் தியாகதுருகத்திற்கு நாமக்கல் தொலைவில் இல்லை. ஓட்டுநர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பழியை ஒருவர் தலையிலிருந்து இறக்கி இன்னொருவர் தலையில் ஏற்றுவது நீதியாகாது.

'அப்படியானால் ஒழுக்கத்தைப் போதிக்க வேண்டாமா?' என்பர் சிலர். போதிப்போம், ஆணுக்கும் போதிப்போம். வரன் தேடும்போது பெண்ணின் நடத்தையைத் தெருத்தெருவாய் விசாரிக்கும் நாம், மாப்பிள்ளையின் சம்பளத்தை மட்டும் விசாரிப்பது எந்த ஒழுக்கம்? மகன் இறந்ததும் 'மருமகள் வந்த ராசி' என்று அவளை வீட்டைவிட்டு விரட்டுவது எந்த அறம்?

2004 முதல் அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்குகிறது. தவறாது மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவின் வழியாகவும் அது பரவுவதில்லை என்பது இன்று உறுதியான அறிவியல். அவர்களைக் குடும்பம் வாழும் வீட்டிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் சட்டம். மருத்துவமும் சட்டமும் மாறிவிட்டன; மாறாதது நம் மனமே.

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் தீட்டென்று ஒதுக்கப்பட்டவளை இயேசு 'மகளே' என்றழைத்தார். நம் அன்பியங்களில் அவளுக்கு இருக்கை உண்டா? திருவிழா விருந்தின் சமையலில் அவள் கைக்கு இடமுண்டா? அன்று குற்றஞ்சாட்டியவர்கள் பெரியவர்கள் தொடங்கி ஒவ்வொருவராய் விலகிப்போனார்கள். நாம் கல்லைக் கீழே போட்டுவிட்டு விலகிப்போனால் மட்டும் போதாது. அவளருகே சென்று அமர வேண்டும்.